மறு: ‘மேனேஜ்மென்ட் ஆஃப் சேஞ்ச்’ – ‘மாற்ற மேலாண்மை’ போதுமா?

வணக்கம் நண்பர்களே,

ஆலைகளில் சொல்லும் ‘மேனேஜ்மென்ட் ஆஃப் சேஞ்ச்’ என்பதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு என் பதில் இது.

> ‘மாற்ற மேலாண்மை’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறதே. அதையே வைத்துக்கொள்ளலாமே?

இருக்கிறது, ஆனால் வேறு பொருளில். புது மென்பொருள் வரும்போது ஊழியர்களை அதற்குப் பழக்குவதை மனிதவளத் துறையினர் அப்படிச் சொல்கிறார்கள். வேதி ஆலையில் நாங்கள் சொல்வது, ஒரு குழாயிலோ வால்விலோ கை வைக்கும் முன் செயல்முறை, இயந்திரவியல், மின், கருவியியல் ஆட்கள் எல்லோரும் பார்த்துக் கையெழுத்திடும் ஏற்பாடு. மூத்த செயல்முறைப் பொறியாளரின் தலையில் விழும் வேலைகளில் இந்தக் கூட்டத்தை நடத்துவதும் ஒன்று.

சிக்கல் ‘மாற்று’ என்ற வினையிலேயே தொடங்குகிறது. ‘வால்வை மாற்றியாச்சு’ என்கிறார்கள். அதே மாதிரி புதியதைப் போட்டார்களா, வேறு வகையைப் போட்டார்களா? நமக்கு இரண்டும் மாற்றுவதுதான். ஆனால் அமெரிக்காவின் 1992ஆம் ஆண்டு செயல்முறைப் பாதுகாப்பு விதி, வடிவமைப்பு விவரக்குறிப்புக்குப் பொருந்தும் மாற்றீட்டுக்கு மட்டும்தான் இந்த ஏற்பாட்டிலிருந்து விலக்குத் தருகிறது.

பொருந்துகிறதா என்று ஒரே துறை பார்த்துச் சொல்லவும் முடியாது. ஒரு கட்டுப்பாட்டு வால்வு வருகிறது. ஃபிளாஞ்சு (குழாயோடு இணைக்கும் விளிம்பு) அதேதான் என்பார் இயந்திரவியல்காரர். சிக்னலும் அதேதான் என்று கருவியியல்காரர் தலையாட்டுவார். உள்ளே ட்ரிம் (ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் உள்பாகங்கள்) மட்டும் பெரிது, சி.வி. மதிப்பு (வால்வு வழியே எவ்வளவு பாயும் என்பதைக் காட்டும் எண்) கூடுதல். அது பழுதாகி முழுக்கத் திறந்துகொண்டால் பாயும் அளவும் கூடும். அடுத்த கலனில் அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் பாதுகாப்பு வால்வோ பழைய அளவுக்குக் கணக்கிட்டது. இதைக் கேட்க செயல்முறைக்காரர் ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ வேதி ஆலையில் நேர்ந்தது இதற்கு நேர் எதிர்ப்பக்கம். விரிசல் விட்ட 5ஆம் உலையை எடுத்துவிட்டு, 28 அங்குல பெல்லோஸ்களுக்கு (சுருங்கி விரியும் குழாய் இணைப்புகள்) நடுவே 20 அங்குலத் தற்காலிகக் குழாயைப் பொருத்தினார்கள். வரைபடம் என்று இருந்தது பட்டறைத் தரையில் சாக்பீஸால் போட்ட கோடுதான். அந்தக் கட்டத்தில் அங்கே தகுதியான இயந்திரவியல் பொறியாளர் இல்லை. 1974 ஜூன் 1 அன்று வெடித்ததில் 28 பேர் இறந்தார்கள்.

எனவே என் முன்மொழிவு: அதே விவரக்குறிப்பில் போடுவது ‘நிகரீடு’, மற்றதெல்லாம் ‘மாறுதல்’, முழு ஏற்பாட்டுக்கும் ‘மாறுதல் ஒப்பம்’.

> ‘திருத்தம்’ இன்னும் எளிதாக இருக்காதா?

எளிதுதான். ஆனால் ஏதோ தப்பைச் சரிசெய்துவிட்டது போல ஒலிக்கிறது. அது சரியா என்பதே இன்னும் ஆய்வில் இருக்கும்போது பெயரே சான்றிதழ் கொடுத்துவிடக் கூடாது. ‘மாறுதல்’ என்றதும் சிலருக்குப் பணியிட மாறுதல் நினைவுக்கு வரலாம், பரவாயில்லை.

> ‘மேலாண்மை’ போனால் பொருள் குறையாதா?

வரைபடத்தைப் புதுப்பிப்பது, ஆப்பரேட்டர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் ஒப்பத்தின் நிபந்தனைகளாகவே படிவத்தில் வந்துவிடும். தற்காலிகமானால் காலாவதித் தேதியும் வேண்டும். அந்தத் தேதிக்கு ‘ஒப்பக்கெடு’ என்று வைக்கலாமா, ‘கெடு’ மட்டும் போதுமா என்று சொல்லுங்கள்.