வாழ்த்துரை பேச வேண்டும், மைக்கைப் பார்த்தாலே கை நடுங்குகிறது

கடைசி பெஞ்ச்:
மாதக் கடைசியில் எங்கள் பள்ளித் தலைமையாசிரியருக்குப் பணி நிறைவு விழா. வாழ்த்துரை என் தலையில் விழுந்துவிட்டது. நாற்பது பிள்ளைகளுக்குத் தினமும் பாடம் எடுக்கிறவன்தான், ஆனால் மைக்கும் பெரியவர்களும் சேர்ந்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது. போன ஆண்டு விழாவில் கையிலிருந்த ஏ4 தாள் நடுங்கி, அந்தச் சரசரப்பு ஸ்பீக்கரில் கேட்டு, முன்வரிசையில் சிரித்தேவிட்டார்கள். நண்பர் ஒருவர் புரொப்ரனலால் மாத்திரை போடச் சொல்கிறார். போடலாமா?

மாத்திரை டப்பா:
மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன் சார். யாரோ சொன்னார்கள் என்று அதைப் போடாதீர்கள். இதயத் துடிப்பைக் குறைக்கிற மருந்து, ஆஸ்துமா இருந்தால் மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். டாக்டரைக் கேளுங்கள்.

வெற்றிலைப்பெட்டி:
பதினைந்து வருடமாகத் திருவிழாப் பட்டிமன்றங்களில் பேசுகிறேன், இன்றைக்கும் நடுவர் என் பெயரைச் சொன்னதும் உள்ளங்கை வேர்க்கும். அட்ரினலின் சுரந்தால் துடிப்பு ஏறும், எச்சில் வற்றும், கை ஆடும், அவ்வளவுதான். அதை அடக்கப் பார்த்தால்தான் வம்பு. 2014இல் ஹார்வர்டில் அலிசன் வுட் ப்ரூக்ஸ் வெளியிட்ட ஆய்வில், பேசப் போகுமுன் 'அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட 'உற்சாகமாக இருக்கிறேன்' என்றவர்கள் நன்றாகப் பேசியிருக்கிறார்கள். சரி, தாள் விஷயம். ஏ4 வேண்டாம், சின்ன நடுக்கத்தையும் அது பெரிதாக்கிக் காட்டும். கல்யாணப் பத்திரிகை அட்டையில் பாதியை வெட்டிக்கொள்ளுங்கள், மேடையில் இருப்பவர்கள் பெயர்களை வரிசையாக அதில் எழுதுங்கள். நம் ஊரில் அவை வணக்கம் சொல்லவே ஒரு நிமிடம் ஆகுமே, மூச்சு அதற்குள் படிந்துவிடும் (அதில் ஒரு பெயரை விட்டால்தான் உண்மையான ஆபத்து!). முழு உரையையும் மனப்பாடம் செய்யாதீர்கள், ஒரு வரி மறந்தால் மொத்தமும் போச்சு. முதல் இரண்டு வரி போதும்.

தெற்குத்தெரு:
வகுப்பில் ஏன் நடுங்குவதில்லை என்று யோசித்தீர்களா? அங்கே உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறீர்கள். 'கல்விக் கடல், கருணை வடிவம்' என்று ஆரம்பித்தால் யாருக்கும்தான் வாய் குழறும். அவரைப் பற்றி நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள் அண்ணா.

கடைசி பெஞ்ச்:
ஒன்று இருக்கிறது. மழை நாளில் சத்துணவுக்கூடம் ஒழுகியபோது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் அண்டாவின் ஒரு பக்கத்தை அவர்தான் பிடித்துத் தூக்கினார், மறுபக்கம் நான். அப்புறம், மாத்திரை வேண்டாம். அட்டை வெட்டிவிட்டேன்.