‘ஆச்சி வீடு’ குழுவில் ஒரு டிஷ்வாஷர்

வியாழன்

வசந்தா: எல்லோருக்கும் ஒரு விஷயம். டிஷ்வாஷர் நின்றுவிட்டது. உள்ளே அழுக்குத் தண்ணீர் அப்படியே நிற்கிறது, கதவைத் திறந்தால் பழைய சாம்பார் வாடை. ஞாயிற்றுக்கிழமை திவ்யாவுக்கு வளைகாப்பு. பாத்திரம் தேய்க்கிற செல்வியும் கோயில் கொடைக்கு ஊருக்குப் போய்விட்டாள்.

கோமதி: ஐயோ

நித்யா: கம்பெனிக்குப் போன் போட்டீர்களா பெரியம்மா

பிரபு: ஆள் வந்துவிட்டுப் போயாச்சு. கதவைத் திறந்தார், மூடினார், போர்டு, அதாவது மெஷினை நடத்துகிற சர்க்யூட், போய்விட்டது என்றார். அவர் சொன்ன விலையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புது மெஷினே வாங்கலாம். விசிட் சார்ஜை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டார்.

அருண்: கையில் கரண்ட் சோதிக்கிற மீட்டர் வைத்திருந்தாரா?

பிரபு: பேனா வைத்திருந்தார்

தனலட்சுமி: வாழை இலை போட்டுவிடுங்கள். மெஷினும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம்.

வசந்தா: இலை போடலாம் மதினி. ஏழு வகை சாதம் கிண்டிய அண்டாவை யார் தேய்ப்பது?

அருண்: அண்டா மெஷினுக்குள் போகுமா அத்தை?

வசந்தா: நீ சும்மா இருடா

சண்முகம்: பிரபு, நிதானமாகப் படி. தண்ணீர் எடுத்திருக்கிறது, சுட வைத்திருக்கிறது, பாத்திரத்தின் மேல் அடித்திருக்கிறது, வெளியேற்ற வேண்டிய இடத்தில் நின்றிருக்கிறது. அப்படியென்றால் போர்டு முக்கால்வாசி வேலையை ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறது. போர்டில், தண்ணீரை வெளியே தள்ளுகிற பம்ப்புக்குப் போகிற வழி மட்டும் கெட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் பிளக்கைப் பிடுங்கு. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். தண்ணீர்க் குழாயை மூடு. நிற்கிற தண்ணீரை டம்ளரால் மொண்டு, மீதியை ஸ்பாஞ்சால் ஒற்றி எடு. அடியில் உருளையாக ஒரு ஃபில்டர் இருக்கும், திருகினால் கையோடு வரும். அது எடுத்த குழிக்குள் ஒரு சின்ன மூடி. அதைக் கழற்றினால் அந்தப் பம்ப்பின் விசிறி தெரியும். கையுறை போடாமல் விரலை விடாதே, கண்ணாடித் துண்டு கிடக்கும்.

கோமதி: அண்ணே இவ்வளவையும் எப்படி டைப் அடிக்கிறீர்கள்

அருண்: அப்பா பேசுகிறார், போன் எழுதுகிறது

சண்முகம்: இன்னொன்று. விசிறியை ஒரு குச்சியால் சுற்றிப் பார். வழுக்கிக்கொண்டு சுற்றாது. காந்தம் இழுப்பதால் விட்டு விட்டுத் தத்தித் தத்திச் சுற்றும். லேசாக ஆடவும் செய்யும். அது பழுது இல்லை. அதைப் பார்த்துப் பயந்துவிடாதே.

பிரபு: பம்ப் ஆர்டர் போட்டுவிட்டேன் மாமா

சண்முகம்: பார்க்காமலேயா? எந்த நம்பரை வைத்து?

பிரபு: மெஷின் பெயரை அடித்துத் தேடினேன். முதலில் வந்தது.

சண்முகம்: ரத்து செய். ஒரே பெயரில் விற்பார்கள், நடுவில் பம்ப்பை மாற்றிவிடுவார்கள். கதவைத் திறந்து விளிம்பில் பார், ஒரு ஸ்டிக்கரில் நீளமான மாடல் நம்பர் இருக்கும், கடைசியில் சாய்கோடு போட்டு இன்னும் இரண்டு எழுத்து இருந்தால் அதையும் சேர்த்துக் குறித்துக்கொள். பம்ப்பின் மேலும் தனியாக ஒரு நம்பர் இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால்தான் வாங்க வேண்டும். சில பம்ப் திருகாணி போட்டு மாட்டுவது, சில பம்ப் கால் சுற்றுத் திருப்பினால் பூட்டிக்கொள்வது. ஒன்று போன இடத்தில் இன்னொன்று உட்காராது.

தனலட்சுமி: இவர் சொன்னால் கேட்டுக்கொள். எங்கள் வீட்டு கிரைண்டரை மட்டும் யாரும் ஞாபகப்படுத்தாதீர்கள்.

நித்யா: எந்த கிரைண்டர் அத்தை

அருண்: நித்யா வேண்டாம்

கோமதி: தீபாவளிக்கு முந்தின நாள் கழற்றியது. பொங்கலுக்குத்தான் மாட்டினார்.

சண்முகம்: பெல்ட் கிடைக்கவில்லை. அதற்கு நான் என்ன செய்ய.

வெள்ளி

பிரபு: [படம்]

பிரபு: ஃபில்டரில் இருந்தவை. கறிவேப்பிலை, கடுகு, தேங்காய் நார், புளியங்கொட்டை ஒன்று, பல்குத்தும் குச்சி இரண்டு.

நித்யா: ஒரு கூட்டுக்கு ஆகும்

திவ்யா: எனக்குக் குமட்டுகிறது, படம் போடாதே

வசந்தா: பாத்திரத்தை அலசிவிட்டுத்தான் உள்ளே வைக்கிறேன்

மணி: இல்லை

வசந்தா: வீட்டில் எதிரில் உட்கார்ந்துகொண்டு குழுவில் பதில் போடுகிறார் பாருங்கள்

சண்முகம்: அலச வேண்டாம் வசந்தா. எச்சிலை வழித்துக் கொட்டினால் போதும். குழாயில் முழுசாக அலசிவிட்டு மெஷினில் வைத்தால் மெஷின் எதற்கு? ஆனால் நாரும் கொட்டையும் போகக் கூடாது. வாரம் ஒரு முறை ஃபில்டரைக் கழற்றிப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும்.

பிரபு: மூடியைக் கழற்றினேன். விசிறிக்குள் இது சிக்கியிருந்தது [படம்]

நித்யா: கண்ணாடி?

பிரபு: நீலப் பூப் போட்ட கண்ணாடி

கோமதி: அது நான் கிரகப்பிரவேசத்துக்குக் கொடுத்த டம்ளர் செட்

கோமதி: ஆறும் பத்திரமாக அலமாரியில் இருக்கிறது என்று போன மாதம்கூடச் சொன்னாய் வசந்தாக்கா

வசந்தா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அருண்: ஹஹஹா

சண்முகம்: இதையொட்டி ஒரு தகவல். டிஷ்வாஷரை உருப்படியாக முதலில் செய்தவர் ஜோசஃபின் காக்ரேன் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1886 டிசம்பரில் காப்புரிமை வாங்கினார். விருந்து முடிந்து வேலையாட்கள் கழுவும்போது அவருடைய பீங்கான் தட்டுகளின் ஓரம் உடைந்துகொண்டே இருந்ததாம், அதில்தான் யோசனை வந்ததாம். தேய்க்காமல் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுவது அவருடைய மெஷினில் வந்ததுதான். 1893 சிகாகோ கண்காட்சியில் அதை வைத்தார்கள். முதலில் வாங்கியவர்கள் பெரும்பாலும் ஓட்டல்காரர்கள். வீடுகளுக்கு வர வெகுகாலம் ஆயிற்று.

கோமதி: அந்த அம்மா கண்ணாடி உடையக் கூடாது என்று கண்டுபிடித்தார். இங்கே உள்ளே போட்டு உடைத்திருக்கிறார்கள்.

தனலட்சுமி: டம்ளர் பரவாயில்லை கோமதி. ஆச்சி உருளிக்கு வந்த கதி தெரியும் இல்லையா.

வசந்தா: அதை எதற்கு இப்போது இழுக்கிறீர்கள் மதினி

தனலட்சுமி: பொதுவாகச் சொன்னேன். வெண்கலத்தை மெஷினில் போட்டால் கருத்துப்போகும் என்று எனக்கே தெரியும், நான் மெஷின் வைத்துக்கொண்டதும் இல்லை.

நித்யா: என் இட்லித் தட்டும் அலுமினியம், அதுவும் கறுத்துவிட்டது. மாமா அது ஏன்?

சண்முகம்: அந்தப் பவுடர் காரம் கூடியது. சுடுதண்ணீரில் அலுமினியத்தை அரித்துவிடும். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் போடலாம். பித்தளை, வெண்கலம், அலுமினியம், இரும்பு தோசைக்கல், மரக் கரண்டி வேண்டாம். உருளியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிரபு: மாமா துண்டை எடுத்துவிட்டு ஓட்டினேன். சத்தமே இல்லை. உறுமவும் இல்லை.

சண்முகம்: சிக்கிக்கொண்டு வெகுநேரம் உறுமி, பம்ப் மோட்டாருக்குள் சுற்றியிருக்கிற கம்பி, வைண்டிங், எரிந்திருக்கும். மீட்டர் இருக்கிறதா?

பிரபு: எதிர் பிளாட்டில் மஞ்சள் மீட்டர் ஒன்று கொடுத்தார்கள்

சண்முகம்: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பம்ப்புக்கு வருகிற இரண்டு ஒயரையும் உருவு. உருவும் முன் போட்டோ எடு. மீட்டரை ஓம் பக்கம் 2000-இல் வை. பம்ப்பின் இரண்டு முனையிலும் தொடு.

பிரபு: 1 காட்டுகிறது. சரிதானே?

சண்முகம்: எந்தப் பக்கம் 1? திரையின் இடது ஓரத்தில் தனியாகவா?

பிரபு: ஆமாம்

சண்முகம்: அது ஒரு ஓம் இல்லை. அளவுக்கு மேலே போய்விட்டது என்று அந்த மீட்டர் சொல்லும் பாஷை. ஒயரைத் தொடாமல் காற்றில் பிடித்தாலும் அதே 1 காட்டும், பார். நல்ல பம்ப் என்றால் நூற்றுச் சொச்சம், இருநூறு ஓம் என்று ஏதாவது வரும். உள்ளே கம்பி அறுந்துவிட்டது. பம்ப்தான். போர்டு இல்லை.

பிரபு: காற்றிலும் 1 தான்

அருண்: போர்டு விலை சொன்னவரை மறுபடி கூப்பிட்டுக் காட்டலாம்

வசந்தா: வேண்டாம், அதற்கும் விசிட் சார்ஜ் கேட்பார்

பிரபு: ஸ்டிக்கர் நம்பர், பம்ப் நம்பர் இரண்டையும் போட்டு ஆர்டர் செய்துவிட்டேன். நாளை மதியம் வரும் என்கிறது. போர்டுக்குச் சொன்ன விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

கோமதி: சரி அப்புறம் வளையல் யார் வாங்குவது? கண்ணாடி வளையல் திருநெல்வேலியிலிருந்து கொண்டுவரவா?

திவ்யா: பச்சையும் சிவப்பும் சித்தி. பிளாஸ்டிக் வேண்டாம்.

வசந்தா: சம்பந்தியம்மா தாங்களே வாங்குவதாகச் சொன்னார்கள்

கோமதி: அப்போது நான் வாங்க வேண்டாமா?

வசந்தா: வாங்கு. எதற்கும் இருக்கட்டும்.

சனி

பிரபு: பம்ப் வந்துவிட்டது. அப்பாவும் நானும் மெஷினைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்திருக்கிறோம். அடித்தகடு கழற்றியாச்சு.

மணி: இடுப்பு

சண்முகம்: தகட்டு விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், பார்த்து. பழைய பம்ப்பின் பூட்டு நாக்கை அமுக்கிக்கொண்டு கால் சுற்று இடம்புறம் திருப்பு. வந்துவிடும். கூடவே கொஞ்சம் தண்ணீர் வரும், துணி போட்டு வை.

பிரபு: வந்தது. கொஞ்சம் இல்லை, நிறைய.

கோமதி: புது ரப்பருக்குத் தேங்காய் எண்ணெய் தடவு, வழுக்கிக்கொண்டு போகும். குக்கர் கேஸ்கட்டுக்கு நான் அப்படித்தான்.

சண்முகம்: தடவாதே! இந்த மாதிரி ரப்பர் வளையம் எண்ணெய் பட்டால் ஊறிப் பெருத்துவிடும். பிறகு ஒழுகும். பாத்திரம் கழுவும் சோப்பு நீர் ஒரு சொட்டு போதும். பழைய வளையம் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். இருந்தால் எடுத்துவிடு. இரண்டு வளையம் சேர்ந்தால் பம்ப் பூட்டாது.

பிரபு: இருந்தது! பம்ப்போடு வராமல் அங்கேயே இருந்தது. சொன்னது நல்லது மாமா.

பிரபு: க்ளிக் என்று உட்கார்ந்துவிட்டது. ஒயர் மாட்டியாச்சு. நிமிர்த்தப் போகிறோம்.

நித்யா: வாழ்த்துகள்

தனலட்சுமி: ஓடட்டும் முதலில்

பிரபு: மாமா அவசரம். பிளக்கை மாட்டியதும் புது பம்ப் ஓட ஆரம்பித்துவிட்டது. பட்டனை அணைத்தாலும் நிற்கவில்லை. தண்ணீரும் எடுக்கவில்லை.

வசந்தா: போச்சு

வசந்தா: போர்டு என்று அந்த ஆள் சொன்னது சரியாகிவிட்டதா

சண்முகம்: [குரல் பதிவு 3:12]

அருண்: யாராவது கேட்டுச் சுருக்கமாகச் சொல்லுங்கள்

நித்யா: நான் கேட்டேன். மெஷினுக்கு அடியில் ஒரு தட்டு இருக்கிறதாம். அதில் தெர்மகோல் மிதவை ஒன்று. எங்காவது ஒழுகித் தட்டில் தண்ணீர் சேர்ந்தால் மிதவை மேலே வந்து ஒரு சுவிட்சைத் தட்டிவிடும். உடனே மெஷின் தண்ணீர் எடுப்பதை நிறுத்திவிட்டுப் பம்ப்பை ஓட்டிக்கொண்டே இருக்கும், வீடு நனையக் கூடாது என்று. சாய்த்தபோது உப்புத் தொட்டியிலிருந்தும் பம்ப் குழியிலிருந்தும் வடிந்த தண்ணீர் தட்டில் நிற்கிறதாம். அவ்வளவுதான். மீதி இரண்டு நிமிஷம் கிரைண்டர் பற்றி.

பிரபு: டார்ச் அடித்துப் பார்த்தேன், தண்ணீர் நிற்கிறது

சண்முகம்: பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பழைய துணியைக் கம்பியில் சுற்றி உள்ளே விட்டு ஒற்றி எடு. பிறகு டேபிள் ஃபேன் வை.

பிரபு: [படம்]

பிரபு: நின்றுவிட்டது. இப்போது ஒழுங்காகத் தண்ணீர் எடுக்கிறது. காலியாக ஒரு முறை சூட்டில் ஓட விட்டிருக்கிறேன். அடியில் செய்தித்தாள் விரித்திருக்கிறேன், ஒழுகினால் தெரியும்.

சண்முகம்: செய்தித்தாள் நல்ல யோசனை. உப்பு விளக்கு எரிகிறதா?

பிரபு: எரிகிறது. அது எப்போதும் எரியும்.

சண்முகம்: எப்போதும் எரியக் கூடாது. உங்கள் போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். உப்பு இல்லாமல் ஓட்டினால் ஹீட்டரில் படியும், டம்ளர் வெள்ளை பூக்கும். டிஷ்வாஷர் உப்பு, பரல் பரலாக இருப்பது, அதுதான் போட வேண்டும். சமையல் உப்பு போடாதே, கட்டி பிடிக்காமல் இருக்க அதில் கலப்பதெல்லாம் தொட்டியை அடைத்துவிடும். போடும்போது வெளியே சிந்தினால் உடனே ஒரு முறை ஓட்டிவிடு, எவர்சில்வரையும் உப்பு அரிக்கும்.

வசந்தா: நான் ஒரு தடவை தூள் உப்பு போட்டேன்

சண்முகம்: எப்போது?

வசந்தா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பிரபு: மாமா முடிந்தது. தண்ணீர் போய்விட்டது. ஆனால் ஃபில்டர் குழியில் மட்டும் ஒரு டம்ளர் தண்ணீர் மிச்சம் நிற்கிறது.

சண்முகம்: அது நிற்க வேண்டும். ரப்பர் காயாமல் இருப்பதற்கு. அதையும் மொண்டு எடுத்துவிடாதே.

பிரபு: செய்தித்தாள் காய்ந்தபடியே இருக்கிறது

கோமதி: அப்பாடா. மணி அத்தான் இடுப்பு எப்படி?

மணி: ம்

தனலட்சுமி: அப்போது நாளைக்குத் தட்டா இலையா?

வசந்தா: சம்பந்தி வீட்டுக்குத் தட்டு. நமக்கு இலை.

அருண்: அத்தை அது அவர்கள் கண்ணில் படாதா

வசந்தா: எல்லோருக்கும் இலையே போட்டுவிடலாம். காபிக்கு மட்டும் டம்ளர்.

கோமதி: எந்த டம்ளர்

நித்யா: ஹஹஹா

வசந்தா: எவர்சில்வர்!

தனலட்சுமி: பாயசத்துக்கு உருளி வேண்டுமென்றால் நான் என்னுடையதைக் கொண்டுவருகிறேன். திரும்ப நானே கழுவி எடுத்துக்கொள்கிறேன்.

வசந்தா: வேண்டாம் மதினி, இங்கே இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன்.

சண்முகம்: பிரபு, பழைய பம்ப்பைத் தூக்கிப் போடாதே. எனக்கு வேண்டும். அந்தக் காந்தத்தை வைத்து ஒரு வேலை இருக்கிறது.

தனலட்சுமி: பிரபு, தூக்கிப் போடு

கோமதி: நான் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன். காலையில் தாம்பரத்துக்கு யார் வருகிறீர்கள்? கையில் வளையல் பெட்டி இருக்கிறது, ஆட்டோவில் வர முடியாது.

கோமதி: யாராவது பதில் சொல்லுங்கள்

மணி: சரி

கோமதி: சரி என்றால் நீங்கள் வருகிறீர்களா அத்தான்?