கோட்டூர்புரம் நூலகத்துக்குக் குழந்தையைக் கூட்டிப் போகலாமா?

கேள்வி: மகளுக்கு ஏழு வயது. லீவு விட்டால் கையில் செல்போன்தான். அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்குக் கதை சொல்கிறார்களாமே, போனவர்கள் சொல்லுங்களேன்.

பதில்: தாராளமாகப் போங்கள். முதல் மாடியில் சிறுவர் பகுதி, அங்கே ஒரு செயற்கை மரம் உண்டு. கதை சொன்ன அக்கா புலி மாதிரி உறுமியதும் என் பையன் பயந்து மடியில் ஏறிக்கொண்டான். அப்புறம் "இன்னொரு தடவை" என்றான்! ராத்திரி தம்பிக்கு அதே கதையை உறுமலோடு சொன்னான். வீட்டில் எத்தனை புத்தகம் வாங்கிப் போட்டும் இது நடக்கவில்லை.

பதில்: தரைத்தளத்தில் பார்வையற்றோருக்கான பிரெய்ல் பகுதி இருக்கிறது. அதையும் காட்டுங்கள்.

கேட்டவர்: சரி, ஞாயிறு காலை கிளம்புகிறோம். நன்றி.