ஆர் மொழியில் தேதி இடம் மாறுகிறது, உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. செம்பரம்பாக்கம், புழல் உள்ளிட்ட சென்னை ஏரிகளின் தினசரி நீர் இருப்பு, 2015 முதல் 2020 வரை, எக்செல் கோப்பாக என்னிடம் இருக்கிறது. ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியில் அதைக் காலத்தொடராக்க (நாள் வரிசைப்படி அமைந்த தரவாக்க) வேண்டும். தேதிப் பத்தியில்தான் தகராறு.

நாள்/மாதம்/ஆண்டு என்று தட்டச்சு செய்ததை, அமெரிக்க முறையில் இருந்த எக்செல் மாதம்/நாள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அதனால் 25/06/2019 வெறும் எழுத்தாகவே நிற்கிறது. 05/06/2019 மே 6 ஆகி, ஆர் பக்கம் 43591 என்ற எண்ணாக வந்து சேர்கிறது. எக்செல் தேதியை நாட்களின் எண்ணிக்கையாகத்தான் வைத்திருக்கும்; அந்த எண்களை 1899-12-30இலிருந்து கணக்கிட்டுத் தேதியாக்கி, நாளையும் மாதத்தையும் இடம் மாற்றினால் சரியாகும் என்று நினைக்கிறேன். எண்ணாக வந்த எல்லா வரிகளுக்கும் ஒரேயடியாக இதைச் செய்யலாமா? கோப்பில் நாள் வரிசை கலையவில்லை. அதை வைத்துச் சரிபார்க்க எளிய வழி உண்டா?

அப்புறம், விட்டுப்போன நாட்கள். ஆரில் காலத்தொடருக்கான ஜூ (zoo) பேக்கேஜ், முன்பின் மதிப்புகளை நேர்கோட்டில் இணைத்து அவற்றை நிரப்பித் தரும், கோடைக்கு அது போதும். ஆனால் 2015 டிசம்பர் மாதிரி மழையில் அந்தக் கோடு பொய்தான் சொல்லும். அங்கே என்ஏ (NA, மதிப்பு இல்லை) என்றே விட்டுவிடுவீர்களா? 2016, 2020 லீப் ஆண்டுகள் என்பதால், எல்லா ஆண்டுக்கும் ஒரே எண்ணிக்கையில் நாட்கள் என்று கொள்ளும் ஆரின் டிஎஸ் (ts) வடிவம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன், அதைப் பரிந்துரைக்காதீர்கள்! மாதிரிக்குச் சில வரிகளைக் கமென்ட்டில் போடுகிறேன்.