400 குதிரை கூபே ஓட்டிப் பார்த்தேன்: வேகம் வந்தது, சிலிர்ப்பு வரவில்லை

எட்டாங்கியர்:
ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்த கூபே (இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று இரண்டாம் கையாக விற்பனைக்கு வந்தது. போய் ஓட்டிப் பார்த்தேன். எந்த கம்பெனி, எந்த மாடல் என்று சொல்லமாட்டேன். சொன்னால் அந்த பிராண்டுக்காரர்களும் எதிர் பிராண்டுக்காரர்களும் வந்து திரியைப் பிய்த்துப் போட்டுவிடுவீர்கள். ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, 400-க்கு மேல் குதிரைத்திறன், பின்சக்கர இழுவை, இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஓனர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், நல்ல மனிதர். எஞ்சின் சூடானதும் "மிதிங்க, பயப்படாதீங்க" என்றார். மிதித்தேன். முள் ஏறியது. ஆனால் முள்ளைப் பார்த்துத்தான் வேகமே தெரிந்தது. ஸ்டீயரிங் கனமாக இருந்ததே தவிர, சக்கரத்துக்குக் கீழே என்ன நடக்கிறது என்று கைக்கு ஒரு சேதியும் வரவில்லை. ஸ்போர்ட் மோடில் போட்டதும் சத்தம் கூடியது, அதிலும் பாதி ஸ்பீக்கர் வழியாக. தினமும் ஓட்டும் என்னுடைய ஹாட் ஹேட்ச் (வேகமான சின்னக் கார்) இதைவிட அதிகமாகச் சிரிக்க வைக்கிறது.

குறை அந்த ஒரு வண்டியில் இல்லை, இந்த இனமே இப்படி ஆகிவிட்டது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

பிஸ்டன் ராசா:
நான் மறுக்குறேன் சகோ. நீங்க ஓட்டுனது சீக்கு வண்டி. நேர்ல பாக்காம எப்படிச் சொல்றேன்னு கேப்பீங்க. பழைய டர்போ வண்டில முக்காவாசி நேரம் கதை இதுதான்.

டர்போ காத்த குளிர வைக்குற இன்டர்கூலருக்குப் போற பைப்புல சின்னதா கசிவு இருந்தாலே பூஸ்ட், அதாவது டர்போ எஞ்சினுக்குள்ள தள்ளுற காத்தழுத்தம், முழுசா ஏறாது. பிளக், காயில் தேஞ்சிருந்தா லோடு ஏறும்போது மிஸ் அடிக்கும், லைட்டா அடிச்சா டேஷ்போர்டுல விளக்குகூட எரியாது. ஓனர் கம்மி ஆக்டேன் பெட்ரோல் போட்டிருந்தா நாக் சென்சார் அதைக் கண்டுபிடிச்சு இசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) இக்னிஷன் டைமிங்கைப் பின்னாடி இழுத்துடும். வண்டி ஸ்மூத்தா போகும், ஆனா உசுரு இருக்காது. நீங்க சொல்ற அறிகுறி அச்சு அசல் இதுதான்.

அப்புறம் டயர். பக்கச் சுவர்ல நாலு இலக்க எண் பாத்தீங்களா? முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். இந்த மாதிரி வண்டிய நிறைய பேர் மூடி வெச்சிருப்பாங்க, ட்ரெட் புதுசா இருக்கும், ரப்பர் இறுகிப் போயிருக்கும். அப்ப பிடி இல்லாததால ட்ராக்ஷன் கன்ட்ரோல் சத்தமில்லாம பவரை வெட்டிட்டே இருக்கும். "வண்டில ஒண்ணும் இல்லப்பா"ன்னு நீங்க திரும்பி வந்துடுவீங்க.

ஓபிடி ஸ்கேனர் (வண்டி கம்ப்யூட்டர்ல இருந்து தகவல் எடுக்குற கருவி) மாட்டி, மூணாவது கியர்ல 2000 ஆர்பிஎம்ல இருந்து ரெட்லைன் (எஞ்சின் சுழற்சியோட உச்ச வரம்பு) வரைக்கும் ஒரே மிதி. இசியு கேட்ட பூஸ்ட் எவ்வளவு, கிடைச்ச பூஸ்ட் எவ்வளவு, டைமிங் எவ்வளவு பின்னாடி போச்சு, இந்த மூணையும் லாக் எடுங்க. அதுக்கப்புறம் இனத்தைத் திட்டலாம்.

எட்டாங்கியர்:
லாக் எடுக்கவில்லை. ஆனால் டயர் தேதி பார்த்தேன், புதுசு. ட்ராக்ஷன் விளக்கு ஒருமுறைகூடக் கண் சிமிட்டவில்லை. சர்வீஸ் ரசீதுகள் வரிசையாக இருந்தன, பிளக் மாற்றியது உட்பட. ராசா, என் புகாரைக் கொஞ்சம் சரியாகப் படியுங்கள். வண்டி வேகமாகப் போகவில்லை என்று நான் சொல்லவே இல்லை. வேகமாகப் போனது, அது எனக்குத் தெரியவில்லை என்கிறேன். பூஸ்ட் கசிந்த வண்டி வேகமாகவும் போகாதே?

வளைவுநாயகி:
ட்ராக் டே, அதாவது சொந்த வண்டியைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் நாட்களில், ஓட்டுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் அந்த வண்டியை ஓட்டவே இல்லை. நகர்த்தியிருக்கிறீர்கள்.

இந்த வகை வண்டிகள் இரண்டாவது கியரிலேயே மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். பொதுச் சாலையில், போக்குவரத்தில், பக்கத்தில் ஓனரை வைத்துக்கொண்டு எத்தனை நொடி முழு மிதி கிடைத்திருக்கும்? முதல் கியர் முழுக்க, இரண்டாவதில் பாதி. கச்சேரி மண்டபத்துக்கு வெளியே சுவரோரமாக நின்று கேட்டுவிட்டுப் பாடகருக்குக் குரலில்லை என்கிற மாதிரி இருக்கிறது.

ஒரு கணக்கு போடுவோம். பிஎம்டபிள்யூ இ92 எம்3-இல் 4 லிட்டர் வி8, 420 குதிரைத்திறன். அந்த 420 கிடைப்பது 8300 ஆர்பிஎம்மில். அதன் உச்ச டார்க் (திருப்புவிசை) 400 நியூட்டன் மீட்டர்தான். 3000 ஆர்பிஎம்மில் அந்த 400 முழுதாகக் கிடைப்பதாகவே வைத்துக்கொண்டாலும் சுமார் 170 குதிரைத்திறன்தான் வரும். அதன் முழு பலத்தில் பாதிகூட இல்லை. அந்த வண்டியை ஊருக்குள் ஓட்டிவிட்டு "சப்பென்று இருந்தது" என்றவர்களை நானே பார்த்திருக்கிறேன். 7000-க்கு மேல் கொண்டுபோனவர்கள் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

எட்டாங்கியர்:
அக்கா, நீங்கள் சொன்னது காற்றை இயல்பாக இழுக்கும் எஞ்சினுக்குப் பொருந்தும். நான் ஓட்டியது டர்போ. இ92-க்கு அடுத்து வந்த எஃப்82 எம்4-ஐ எடுங்கள், 1850 ஆர்பிஎம்மிலிருந்தே 550 நியூட்டன் மீட்டர். அதே 3000-இல் 235 குதிரைத்திறன் வந்துவிடுகிறது. மேலே போகாததால்தான் சப்பென்று இருந்தது என்ற வாதம் இங்கே நிற்காது. கீழேயே எல்லாம் கிடைத்தும் சப்பென்று இருந்தது என்பதுதான் சிக்கலே.

மஞ்சள்கோடு:
எட்டாங்கியர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார், ஆனால் காரணம் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

உட்காதில் முடுக்கத்தை உணரும் உறுப்பு இருக்கிறது. நிலையான வேகம் அதற்குத் தெரியவே தெரியாது, அதனால்தான் விமானத்தில் தூங்க முடிகிறது. முடுக்கம் மாறும்போதுதான் உடம்பு நன்றாக விழித்துக்கொள்கிறது. பழைய எஞ்சினில் சுழற்சி ஏற ஏற இழுவை கூடும், சத்தத்தின் சுருதியும் கூடும். 5000-இல் ஒரு தள்ளு, 7000-இல் இன்னொரு தள்ளு. ஒவ்வொரு மாற்றத்தையும் உடம்பு குறித்துக்கொள்ளும். இன்றைய டர்போவின் டார்க் கோடு மேஜைப்பலகை போலத் தட்டையானது. மிதித்த உடனே முழு இழுவை, கடைசி வரை அதே இழுவை, ரெட்லைனுக்குச் சற்று முன்னால் கொஞ்சம் தளர்வு. நல்ல இரட்டை கிளட்ச் பெட்டி கியர் மாறும் இடைவெளியையும் அழித்துவிடுகிறது. உடம்புக்குக் குறித்துக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை.

பழக்கமும் ஒரு காரணம். இ46 எம்3 வந்த காலத்தில் 343 குதிரைத்திறன், 100-ஐத் தொட 5.2 விநாடி. பெரிய விஷயம். 2013-இல் வந்த ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஆர், டிஎஸ்ஜி என்ற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸோடு 4.9 விநாடி. அது ஐந்து கதவு வைத்த குடும்பக் கார். டெஸ்லா மாடல் 3 பெர்ஃபாமன்ஸ் 4 விநாடிக்குள் போய்விடுகிறது, உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். தினமும் ஹாட் ஹேட்ச் ஓட்டுகிறவருக்கு வெறும் முடுக்கத்தைக் காட்டி வாய் பிளக்க வைக்க முடியாது.

பிஸ்டன் ராசா:
> பழைய எஞ்சினில் சுழற்சி ஏற ஏற இழுவை கூடும்

இத மட்டும் நான் ஒத்துக்கமாட்டேன். குறைய குணம்னு விக்கிறீங்க. 1975 போர்ஷே 911 டர்போவ எடுங்க. 3 லிட்டர், 260 குதிரைத்திறன், நாலே கியர். மிதிச்சா ஒண்ணும் நடக்காது, அப்புறம் திடீர்னு மொத்தமா வந்து விழும். வளைவு நடுவுல அது வந்துச்சுன்னா வால் முன்னாடி வந்துடும். சிலிர்ப்பா இருந்துச்சுதான், யாரு இல்லன்னா. அந்தத் தாமதத்த, அதாவது லேக்க, ஒழிக்கத்தான் சின்ன டர்போ, ரெட்டை டர்போ, டைரக்ட் இன்ஜெக்ஷன்னு எஞ்சினியருங்க காலம் காலமா உழைச்சாங்க. ஒழிச்ச பிறகு "ஐயோ அந்தத் தடுமாற்றம் இல்லையே"ன்னு அழுதா எப்படி?

மஞ்சள்கோடு:
அழுகிறோம்தான் ராசா. கடைக்குப் போய்வர வாங்கும் வண்டியில் லேக் குறைதான், இல்லை என்று யார் சொன்னது. ஆசைக்கென்றே வாங்கும் வண்டிக்கும் அதே அளவுகோலா? கூபேயில் பின்னால் ஒருவர் ஒழுங்காக உட்கார முடியாது, டிக்கியில் இரண்டு பெட்டிக்கு மேல் போகாது. இத்தனையையும் சிலிர்ப்புக்காகத்தான் பொறுத்துக்கொள்கிறோம். அதுவும் போய்விட்டால் மிஞ்சுவது இரண்டு கதவுதான்.

கம்பளிப்பூச்சி:
ரீமேப் பண்ணி (இசியு சாஃப்ட்வேர மாத்தி), எக்ஸாஸ்ட் மாத்துங்க பாஸ். எல்லாம் சரியாகிடும்.

பிஸ்டன் ராசா:
இன்னும் வாங்கவே இல்ல, அதுக்குள்ள ரீமேப்பா. தம்பி, நீங்க அடுத்த திரிக்குப் போங்க.

தார்ச்சாலை:
எல்லோரும் எஞ்சினையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். ஸ்டீயரிங்கில் சேதி வரவில்லை என்று அவர் சொன்னதை ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அதுதான் பெரிய புகாராகப் படுகிறது.

ஹைட்ராலிக்கிலிருந்து மின் ஸ்டீயரிங்குக்கு மொத்தத் துறையும் மாறியது. 2011-இல் வந்த 991 தலைமுறை 911-கூட மாறியது, அன்றைக்கு இதே சண்டை பல இடங்களில் நடந்தது. ஆனால் மோட்டார்மேல் மட்டும் பழி போடாதீர்கள். டயர் அகலமாக அகலமாக, பக்கச் சுவர் குட்டையாகக் குட்டையாக, பிடி அறுபடப் போகிறது என்ற முன்னறிவிப்பு கைக்கு வந்து சேரும் அளவு குறைகிறது. எடையும் கூடிவிட்டது. முதல் எம்3, அதாவது இ30, சுமார் 1200 கிலோ. இன்றைய ஜி82 எம்4 1700-ஐத் தாண்டுகிறது. 500 கிலோ அதிகமுள்ள ஒன்றை வளைவில் பிடித்து நிறுத்த வேண்டுமானால் அகல டயர் வேண்டும், இறுக்கமான டேம்பர் (ஷாக் அப்சார்பர்) வேண்டும், எலெக்ட்ரானிக்ஸ் வேண்டும். ஒவ்வொன்றும் உங்களுக்கும் சாலைக்கும் நடுவில் வந்து உட்காரும் இன்னொரு ஆள்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது 2012-இல் வந்த டொயோட்டா ஜிடி86. 200 குதிரைத்திறன், 1250 கிலோவை ஒட்டிய எடை, 17 அங்குல சக்கரத்தில் 215 அகல டயர், அதுவும் சிக்கன கார் பிரியஸுக்குப் போட்ட அதே மிஷெலின் ப்ரைமசி ரகம். வேண்டுமென்றே செய்தார்கள். பிடி குறைவு என்பதால் மிதமான வேகத்திலேயே வண்டி பேச ஆரம்பித்துவிடும். 100-ஐத் தொட ஏழரை விநாடிக்கு மேல் ஆகும். ஓட்டிவிட்டு இறங்குகிற யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

வளைவுநாயகி:
ஜிடி86 நல்ல வண்டி, மறுக்கவில்லை. ஆனால் நீளமான நேர்ப்பாதையில் அதை ஓட்டிப் பாருங்கள், தூக்கம் வரும். எடை கூடியது என்கிறீர்கள், அந்த 500 கிலோவுக்குள் விபத்தில் காலைக் காப்பாற்றும் உலோகமும் இருக்கிறது, அதையும் கணக்கில் எழுதுங்கள்.

தார்ச்சாலை, உங்கள் ஸ்டீயரிங் வாதத்திலேயே என் பக்கத்துக்கு ஒரு சாட்சி இருக்கிறது. இது பழைய வண்டி. சக்கரத்தைப் பிடித்திருக்கும் கன்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால், டேம்பர் ஓய்ந்திருந்தால், அலைன்மென்ட் கொஞ்சம் விலகியிருந்தால் ஸ்டீயரிங் ஊமையாகிவிடும். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அது எப்படி இருந்தது என்று நம்மில் யாருக்கும் தெரியாது. சர்வீஸ் ரசீதில் ஆயிலும் பிளக்கும் இருக்கும், புஷ் இருக்காது. அது உடைந்து சத்தம் போடும் வரை யாரும் மாற்றுவதில்லை. என் வண்டியில் முன்பக்க புஷ் நான்கையும் மாற்றி அலைன்மென்ட் பார்த்த அன்று, வேறு காரை ஓட்டிக்கொண்டு திரும்பியது போல இருந்தது.

பிஸ்டன் ராசா:
அக்கா சொன்னதுக்கு ஒரு கும்பிடு. நான் எஞ்சின்லயே நின்னுட்டேன், அவங்க கீழ பாத்திருக்காங்க. ரெண்டும் ஒரே பேச்சுதான்: வண்டியோட உடம்ப பாக்காம இனத்த தீர்ப்பு சொல்லாதீங்க. லிஃப்ட்ல ஏத்தி, கடப்பாரையால ஆர்ம நெம்பிப் பாத்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

தார்ச்சாலை:
தேய்ந்த புஷ் ஸ்டீயரிங்கைத் தளர்த்தும், அலைய வைக்கும். அவர் சொன்னது தளர்ச்சி இல்லை. "கனமாக இருந்தது, சேதி இல்லை" என்றார். இரண்டும் வேறு நோய். ஸ்போர்ட் மோடில் மோட்டார் செயற்கையாக எடை ஏற்றுகிறது, அந்த எடைக்கும் டயரின் பிடிக்கும் சம்பந்தம் கிடையாது. புது வண்டியை ஷோரூமிலிருந்து எடுத்து ஓட்டினாலும் அப்படித்தான் இருக்கும்.

வளைவுநாயகி:
கம்ஃபர்ட் மோடில் ஸ்டீயரிங்கை மட்டும் வைத்துவிட்டு, எஞ்சினை ஸ்போர்ட்டில் விடலாம். பல வண்டிகளில் தனித்தனியாக அமைக்க முடியும். அதை ஓட்டிப் பார்த்தாரா?

எட்டாங்கியர்:
பார்த்தேன் அக்கா. லேசானது, சேதி அப்போதும் இல்லை.

ட்ராக்குக்குக் கொண்டுபோனால் அந்த வண்டி அசுரன் என்பதை நம்புகிறேன். ஆனால் நான் ஓட்டப்போவது இந்தச் சாலையில், இந்த வேகத்தில். இங்கே அது எனக்கு ஒன்றும் தருவதில்லை என்றால், ட்ராக்கில் தருவதை வைத்து நான் என்ன செய்ய? அன்றாட வேகத்தில் 60-க்கும் 80-க்கும் நடுவில் ஒரு வளைவைத் திருப்பும்போது சிரிப்பு வர வேண்டும். அதைத்தான் தேடுகிறேன். எடை குறைந்த, டர்போ இல்லாத, கையால் கியர் போடுகிற ஏதாவது ஒன்றை அடுத்துப் பார்க்கப்போகிறேன்.

பிஸ்டன் ராசா:
பாருங்க, தாராளமா பாருங்க. டர்போ இல்லாததுன்னா கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டர் அழுத்தம் பாக்குறது) எடுக்காம கைய நீட்டாதீங்க, எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது முதல் ஸ்டார்ட்ட நீங்களே போடுங்க. ஓனர் முன்னாடியே சூடாக்கி வெச்சிருந்தா அன்னைக்குத் திரும்பி வந்துடுங்க. இந்தக் கூபேயோட லாக் மட்டும் எனக்கு இன்னும் வேணும். அது வராத வரைக்கும் உங்க கட்சிக்கு என் ஓட்டு கிடையாது.

எட்டாங்கியர்:
ஓனரிடம் கேட்டேன். ஸ்கேனர் மாட்ட சம்மதித்துவிட்டார், அவருக்கே ஆவலாக இருக்கிறதாம். எடுத்ததும் இங்கேயே போடுகிறேன். பூஸ்ட் சரியாக இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று இப்போதே எழுதிவையுங்கள் ராசா.

பிஸ்டன் ராசா:
புஷ்ஷுன்னு சொல்லுவேன்.