காவேரிக்கரை குடும்பம்: நிலா போட்ட சிக்னல் ஸ்லைடுகள்

சனி, காலை 7:10

நிலா: எல்லாருக்கும் காலை வணக்கம். இங்க லீட்ஸ்ல பழைய சாமான் கடையில ஒரு ஸ்லைடு பெட்டி கிடைச்சுது. எல்லாம் 35 மி.மீ., இங்கிலாந்து ரயில். பாதிக்கு மேல சிக்னல்தான். தேதி, ஊர் எதுவும் எழுதலை. ஒவ்வொண்ணா போடுறேன். வேலு சித்தப்பா, இளங்கோ அண்ணா, பாத்துச் சொல்லுங்க.

நிலா: [படம் 1: கைகாட்டி, கிட்டப் பார்வை, ரெண்டு வட்டக் கண்ணாடி]

நிலா: ஒரு கண்ணாடி சிவப்பு. இன்னொண்ணு ஸ்லைடுல நீலமா இருக்கு. ஸ்கேன் ஆப் அதைத் தானாவே பச்சையா மாத்திக் காட்டுது. எதை வெக்கட்டும்?

வேலு சித்தப்பா: நீலத்தையே வைம்மா. தொடவே தொடாதே. அந்தக் கண்ணாடி நிஜத்துலயே நீலம் கலந்ததுதான். பின்னாடி எரியறது மண்ணெண்ணெய் விளக்கு. அந்தச் சுடர் மஞ்சள். மஞ்சள் வெளிச்சம் நீலக் கண்ணாடி வழியா வந்தாத்தான் டிரைவர் கண்ணுக்குப் பச்சையாத் தெரியும். பச்சைக் கண்ணாடியே போட்டா மங்கலா, மஞ்சளடிச்ச பச்சையா இருக்கும், தூரத்துல அடையாளம் தெரியாது.

இளங்கோ: சித்தப்பா சொன்னதோட ஒண்ணு. ஆரம்பத்துல அங்க 'போகலாம்'னா வெள்ளை வெளிச்சம்தான். சிவப்புக் கண்ணாடி உடைஞ்சு விழுந்தா விளக்கு வெள்ளையாத் தெரியும், டிரைவர் வழி கிடைச்சுதுன்னு நினைச்சுப் போயிடுவார். அதை விட்டுட்டுப் பச்சைக்கு மாறினதுக்கு இது பெரிய காரணம்.

சங்கரி அக்கா: நிலா, ஆப்ல வர்ற 'ஆட்டோ கலர்' எல்லாத்தையும் நிறுத்திடு. முதல்ல ஒரு மூல ஸ்கேன், எதுவும் திருத்தாம. 4000 டிபிஐ வெச்சா ஒரு ஸ்லைடு ஏறக்குறைய 5,670 × 3,780 பிக்சல் வரும், அது போதும். டிஃப் கோப்பா சேமி. ஜேபெக் குழுவுக்கு அனுப்ப மட்டும்.

சங்கரி அக்கா: ஸ்லைடு சட்டத்துல கோடக்ரோம்னு இருந்தா, ஸ்கேனர்ல இருக்கிற அகச்சிவப்பு தூசி நீக்கியையும் நிறுத்து. கோடக்ரோம் சாயம் அகச்சிவப்பைக் கொஞ்சம் தடுக்கும். மெஷின் அதைத் தூசின்னு நினைச்சு மெல்லிய கோடுகளைத் தின்னுடும். சிக்னல் கம்பி, ஏணி எல்லாம் பாதி காணாமப் போயிடும். கறுப்பு வெள்ளை நெகட்டிவ்ல இன்னும் மோசம், அதுல இருக்கிறது வெள்ளி.

நிலா: சரிக்கா. ஊதுபந்தால தூசி ஊதிட்டுத்தான் வைக்கிறேன்.

நிலா: [படம் 2: வளைவுல ஒரு பயணிகள் ரயில், பக்கத்துல கம்பம்]

நிலா: இது இடவலமா மாறியிருக்கோன்னு சந்தேகம். எழுத்தே எங்கயும் இல்ல.

சங்கரி அக்கா: எமல்ஷன் பக்கம், அதாவது மருந்து பூசின பக்கம், மங்கலா இருக்கும், சாய்ச்சுப் பாத்தா உருவம் லேசாப் புடைச்சுத் தெரியும். ஆனா இந்தப் படத்துக்கு அது வேண்டாம், கைகாட்டியே சொல்லுது.

வேலு சித்தப்பா: ஆமா. அங்க ரயில் இடது பக்கம் ஓடும். டிரைவர் பார்வையில கை கம்பத்துக்கு இடது பக்கம் நீட்டும். இந்தக் கையில வெள்ளைக் கோடு போட்ட சிவப்பு முகம் நம்மளைப் பாத்து இருக்கு, அதாவது நாம டிரைவர் பக்கத்துல நிக்கிறோம். ஆனா கை வலப்பக்கம் நீட்டுது. திருப்பித்தான் போட்டிருக்காங்க. பின்பக்கமா இருந்தா வெள்ளைல கறுப்புக் கோடு இருக்கும், அப்ப வலப்பக்கம் நீட்டறது சரி.

நிலா: திருப்பிட்டேன். இப்ப இடது பாதையில ரயில் வருது 👍

காலை 7:48

நிலா: [படம் 3: கை கீழ்நோக்கிச் சாய்ஞ்ச சிக்னல்]
நிலா: [படம் 4: கை மேல்நோக்கித் தூக்கின சிக்னல்]

நிலா: ரெண்டுமே 'போகலாம்'தானே? ஏன் ரெண்டு விதம்?

வேலு சித்தப்பா: ரெண்டுமே வழி விட்டதுதான். கீழே இறங்குறது பழைய வழக்கம். கிரேட் வெஸ்டர்ன் கடைசி வரைக்கும் அதை விடலை, பிரிட்டிஷ் ரயில்வேயோட மேற்கு மண்டலமும் அப்படியே தொடர்ந்துது. மத்த மூணு பெரிய கம்பெனியும் 1920-களோட நடுவுல இருந்து மேலே தூக்குறதுக்கு மாறினாங்க.

வேலு சித்தப்பா: காரணம் எடை. கீழிறங்குற கை கம்பி அறுந்தா திரும்ப மேலே ஏறி 'நில்'லுக்கு வரணும். தானா ஏறாது. கண்ணாடிச் சட்டத்தோட கனமும் கம்பத்தடியில இருக்கிற பேலன்ஸ் வெயிட்டும்தான் அதை ஏத்தணும். கை மேல பனி குவிஞ்சா அந்தக் கணக்கு கெடும். மேலே தூக்குற கையில அந்தப் பயமே இல்ல. கம்பி அறுந்தாலும் விழும், பனி ஏறினாலும் விழும், விழுந்தா 'நில்'.

இளங்கோ: பனியால நடந்ததுக்கு இங்கிலாந்துல அபட்ஸ் ரிப்டன் விபத்துதான் சாட்சி. 1876 ஜனவரி 21, கிரேட் நார்தர்ன் பாதை. அப்ப கை கம்பத்துல வெட்டின பிளவுக்குள்ள போய் மறையும், அதுதான் 'போகலாம்'. வழக்கமா வண்டி இல்லாதப்பவும் அப்படியே விட்டு வைப்பாங்க. பனி அந்தப் பிளவுல உறைஞ்சு போச்சு. கேபின்ல, அதாவது சிக்னலை இயக்குற அறையில, லீவரைத் திருப்பியும் கை வெளியே வரலை. எக்ஸ்பிரஸ் போய் நிலக்கரி வண்டியில மோதி, அதுக்கு மேல எதிர்த்திசை எக்ஸ்பிரஸ் வந்து மோதினது. அதுக்கப்புறம்தான் கை எப்பவும் 'நில்'லுலயே இருக்கணும், வண்டிக்கு மட்டும் இறக்கணும்னு வந்துது. கிரேட் நார்தர்ன் தன் கையையே மாத்திடுச்சு. கம்பத்தை விட்டுத் தள்ளி, நடுவுல அச்சு வெச்சுக் குட்டிக்கரணம் அடிக்கிற மாதிரி ஒண்ணு.

நிலா: படம் 3-ல கை முழுசா இறங்காம அரையும் குறையுமா நிக்குதே, அது பனியா?

வேலு சித்தப்பா: நிழலைப் பாரு, நல்ல வெயில். கம்பி நீண்டிருக்கு. கேபின்ல இருந்து 1,000 கஜம் இரும்புக் கம்பி போகுதுன்னு வை. 20 டிகிரி சூடு ஏறினா 20 செ.மீ.க்கு மேல நீளும். லீவரை இழுக்கிற இழுப்புல பாதி தொய்வை எடுக்கவே போயிடும். அதுக்குத்தான் கேபின்ல கம்பி அட்ஜஸ்டர் இருக்கு, திருகி இறுக்கணும். மறுபடி சாயங்காலம் தளர்த்தணும். தளர்த்தாம விட்டா ராத்திரி குளிர்ல கம்பி சுருங்கி, லீவர் 'நில்' நிலையில இருந்தாலும் கை 'நில்'லுல இருந்து லேசா விலகி நிக்கும். வெயில்ல வர்ற கோளாறு வண்டியைத் தாமதப்படுத்தும். குளிர்ல வர்றது ஆளைக் கொல்லும்.

இளங்கோ: கேபின்ல இருந்து பாத்தாத் தெரியாத சிக்னலுக்கு ரிப்பீட்டர் வெச்சிருப்பாங்க. கை 'நில்', 'போ', ரெண்டும் இல்லாத நடுநிலை, மூணையும் முள் காட்டும். விளக்குக்குத் தனி. சுடரோட சூட்டுல ஒரு உலோகத் தகடு வளைஞ்சு மின் தொடர்பைப் பிடிச்சிருக்கும். விளக்கு அணைஞ்சா தகடு ஆறி, தொடர்பு விட்டு, கேபின்ல மணி அடிக்கும்.

சங்கரி அக்கா: விளக்குக்கு எண்ணெய் யார் ஊத்துவாங்க? படம் 1-ல ஏணி தெரியுதே.

வேலு சித்தப்பா: லேம்ப்மேன். ஒரு தடவை நிரப்பினா ஏறக்குறைய 8 நாள் எரியும், வாரம் ஒரு முறை ஏறுவார். எண்ணெய் ஊத்தறது மட்டுமில்ல, திரியில கரி தட்டணும், கண்ணாடி துடைக்கணும். திரியை அதிகமா ஏத்தி விட்டா புகை பிடிச்சு ரெண்டு நாள்ல வெளிச்சம் செத்துடும்.

காலை 8:25

நிலா: [படம் 5: கேபின் உள்ளே, நீள வரிசையா லீவர்கள்]
நிலா: [படம் 6: அதே கேபின் வெளியே, 'செவர்ன் பிரிட்ஜ் ஜங்ஷன்' பலகை]

வேலு சித்தப்பா: அடேயப்பா, ஷ்ரூஸ்பரி! 180 லீவர். 1903-ல லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் கட்டினது. இன்னைக்கு ஓடுற மெக்கானிக்கல் கேபின்கள்லயே பெரிசு. இந்தப் படத்தை எவ்வளவு பெரிசா முடியுமோ அவ்வளவு பெரிசா ஸ்கேன் பண்ணு.

நிலா: கலர் எல்லாம் வரிசைப்படி இல்லாம கலந்து இருக்கே.

வேலு சித்தப்பா: இருக்கிற இடம் பாதை அமைப்பைப் பொறுத்தது, கலர் வேலையைப் பொறுத்தது. சிவப்பு நிறுத்தும் சிக்னல். மஞ்சள் டிஸ்டன்ட், அதாவது முன்கூட்டியே எச்சரிக்கிற சிக்னல். கறுப்பு பாயிண்ட், அதாவது வண்டியைத் தடம் மாத்துறது. நீலம் பாயிண்ட் பூட்டு. பழுப்பு லெவல் கிராசிங் கேட் பூட்டு. வெள்ளை உபயோகத்துல இல்லாதது. தடங்கள் குறையக் குறைய வெள்ளை கூடிக்கிட்டே போகும். அதனால ஒரே கேபினோட ரெண்டு படம் கிடைச்சா வெள்ளையை எண்ணு, எது பழசுன்னு தெரிஞ்சிடும்.

இளங்கோ: இழுக்கிற வரிசை முக்கியம். பாயிண்ட் முதல்ல, அப்புறம் நீலப் பூட்டு, அப்புறம்தான் சிவப்பு, எல்லாச் சிவப்பும் இழுத்த பிறகு கடைசியா மஞ்சள். மாத்தி இழுக்க முடியாது. தரைக்குக் கீழே இன்டர்லாக்கிங், அதாவது லீவர்களை ஒண்ணோட ஒண்ணு பூட்டுற அமைப்பு, பிடிச்சுக்கும். லீவர் அசையலைன்னா பலம் போட்டு இழுக்கக் கூடாது. எந்த லீவர் முன்னாடி விட்டுப்போச்சுன்னு பாக்கணும்.

நிலா: நீலப் பூட்டு உண்மையில என்ன செய்யும்?

இளங்கோ: பாயிண்டோட ரெண்டு நாக்கையும் இணைக்கிற குறுக்குத் தண்டுல வெட்டு இருக்கும். நாக்கு தண்டவாளத்தோட சரியா ஒட்டினாத்தான் பூட்டோட முளை அந்த வெட்டுக்குள்ள நுழையும். நடுவுல ஒரு கல் சிக்கினாலும் முளை நுழையாது, சிக்னலும் வராது. வண்டி மேல நிக்கும்போதே பூட்டைத் திறந்துடாம இருக்க, தண்டவாளத்தோட உள்பக்கம் நீளமா ஒரு பட்டை இருக்கும். பூட்டைத் திறந்தா பட்டை மேலே எழும்பணும். சக்கரம் மேல இருந்தா எழும்பாது. அதனால ரெண்டு அச்சுக்கு நடுவுல வர்ற அதிகபட்ச இடைவெளியை விட அது நீளமா இருக்கும். பின்னாடி டிராக் சர்க்யூட், அதாவது தண்டவாளத்துல வண்டி நிக்கிறதை மின்சாரத்தால கண்டுபிடிக்கிற அமைப்பு, வந்ததும் பட்டையை எடுத்துட்டாங்க.

சங்கரி அக்கா: ஒருத்தர் கையில துணி வெச்சு லீவரைப் பிடிச்சிருக்கார்.

வேலு சித்தப்பா: கைப்பிடி மெருகேத்தின வெறும் இரும்பு. வேர்வை பட்டா ஒரே நாள்ல துரு. எல்லாக் கேபின்லயும் அந்தத் துணி உண்டு. அவருக்குப் பக்கத்து லீவர்ல ஒரு வளையம் மாட்டியிருக்கு பாரு, பெரிசாக்கிப் பாரு.

நிலா: தெரியுது. என்ன அது?

வேலு சித்தப்பா: லீவர் காலர். 'அங்க ஒரு வண்டி நிக்குது, இதைத் தொடாதே'ன்னு நினைவூட்டுறது. ஸ்காட்லாந்துல குவின்டின்ஷில்ல 1915 மே 22 அன்னைக்கு அதை மாட்டலை. கேபின் வாசல்லயே நின்ன உள்ளூர் வண்டியை மறந்துட்டு, அதே பாதையில ராணுவ வண்டிக்கு வழி விட்டாங்க. 200 பேருக்கு மேல செத்தாங்க. பிரிட்டன்ல அதை மிஞ்சின ரயில் விபத்து இன்னும் நடக்கலை. ஒரு இரும்பு வளையம்தான், பாத்தியா.

இளங்கோ: அப்ப விதி 55 இருந்துது. சிக்னல்ல நிறுத்தின வண்டியில இருந்து ஒரு ஆள் கேபினுக்கு நடந்து போய், நாங்க இங்க நிக்கிறோம்னு சொல்லி, காலர் மாட்டினதைப் பாத்துட்டுப் பதிவேட்டுல கையெழுத்துப் போடணும். அன்னைக்கு ஃபயர்மேன் போனார், கையெழுத்தும் போட்டார், காலரைப் பாக்கலை. நிலா, படம் 4-ல கம்பத்துல வெள்ளை சாய்சதுரத் தகடு இருக்கா?

நிலா: இருக்கு, கைக்குக் கீழே.

இளங்கோ: அது இருந்தா அந்த இடத்துல டிராக் சர்க்யூட் இருக்கு, வண்டி நிக்கிறது கேபின்ல தானாத் தெரியும், உடனே ஓட வேண்டியதில்லைன்னு அர்த்தம்.

காலை 9:05

நிலா: [படம் 7: அலமாரி மேல மரப்பெட்டிக் கருவிகள், முள், மணி]

இளங்கோ: பிளாக் கருவிகள், பக்கத்துப் பக்கத்துக் கேபின்கள் மணி அடிச்சுப் பேசிக்கிறது. முள் மூணு இடத்துல நிக்கும்: பாதை அடைப்பு, லைன் கிளியர், வண்டி பாதையில். எக்ஸ்பிரஸ் ஒண்ணு வருதுன்னா: முதல்ல 1 மணி, கவனிக்கச் சொல்லி. எதிர்க் கேபின் 1 திருப்பி அடிக்கும். அப்புறம் 4, எக்ஸ்பிரஸுக்கு வழி உண்டான்னு கேள்வி. வழக்கமா தன் ஹோம் சிக்னலை (வர்ற வண்டியை முதல்ல நிறுத்துற சிக்னல்) தாண்டி 440 கஜம் காலியா இருந்தாத்தான் எதிராளி 4 திருப்பி அடிச்சு முள்ளை லைன் கிளியருக்குத் திருப்பணும். வண்டி கிளம்பினதும் 2. போய்ச் சேர்ந்ததும் 2-1. சாதாரணப் பயணிகள் வண்டின்னா 4-க்குப் பதிலா 3-1. ஏதாவது ஆபத்துன்னா நேரா 6, முன்னாடி கவன மணியெல்லாம் கிடையாது.

நிலா: வண்டி முழுசா வந்துதுன்னு எப்படித் தெரியும்?

வேலு சித்தப்பா: கடைசிப் பெட்டி விளக்கு. அதைக் கண்ணால பாக்காம 2-1 அடிக்கக் கூடாது. விளக்கு இல்லைன்னா பெட்டி கழண்டு பின்னாடி நிக்கலாம். முன் கேபினுக்கு 9 அடிக்கணும், பின் கேபினுக்கு 4-5. அதனால படம் 2-ல ரயிலோட வாலை வெட்டாம வை.

நிலா: [படம் 8: ஓடுற இன்ஜின்ல இருந்து வளையத்தை வாங்குற கை]

வேலு சித்தப்பா: ஒத்தைப் பாதை டேப்லெட். வளையத்தோட பையில வட்டத் தகடு இருக்கும், அதுல ரெண்டு ஸ்டேஷன் பேரும் செதுக்கியிருக்கும். 1874-ல தோர்ப்ல ரெண்டு வண்டி எதிரெதிரா மோதின பிறகு எட்வர்ட் டயர் செஞ்ச கருவி. ஒரு தகடு வெளியே இருந்தா ரெண்டு முனையிலயும் இன்னொண்ணு வெளியே வராது. நம்ம ஊர் ரயில்ல வந்த 'நீல்' பந்து டோக்கனும் இலங்கைல இருக்கிற டேப்லெட்டும் இதே கணக்குதான்.

இளங்கோ: ஆனா வாங்கினவர் படிக்கணும். 1921 ஜனவரி 26, வேல்ஸ்ல அபர்முயில். மான்ட்கோமரியில இருந்து வந்த டிரைவர் குடுத்த அதே தகடு கை மாறி மாறி அவர்கிட்டயே திரும்பி வந்துது. பேரைப் படிக்காமக் கிளம்பினார். எதிரே எக்ஸ்பிரஸ், 17 பேர் போனாங்க. கருவி சரியாத்தான் வேலை செஞ்சுது.

நிலா: [படம் 9: நீல டீசல் இன்ஜின், முகம் மஞ்சள், நெத்தியில ரெண்டு வெள்ளைப் புள்ளி]

சங்கரி அக்கா: தேதிக்கு இது நல்லாப் பிடி. நெத்தியில வண்டி எண் நாலு எழுத்தா காட்டுறதை 1976 ஜனவரியோட நிறுத்திட்டாங்க. கொஞ்ச நாள் நாலு சைபர், அப்புறம் ரெண்டு புள்ளி. அதனால இது 1976-க்குப் பிந்தினது. பிரிட்டிஷ் ரயில்வேயோட இரட்டை அம்புச் சின்னம் வந்தது 1965. நீராவி இன்ஜின் வழக்கமான வேலையில தெரிஞ்சா 1968 ஆகஸ்டுக்கு முந்தினது.

சங்கரி அக்கா: கோப்புப் பேர்ல நீ ஊகிச்சதைப் போடாதே. பெட்டி எண், ஸ்லைடு எண் மட்டும் போடு. தேதி, ஊர், எதை வெச்சுச் சொன்னோம், மூணும் தனிப் பட்டியல்ல. சட்டத்துல அச்சிட்ட எண் இருந்தா அதையும் அப்படியே எழுது.

நிலா: சரிக்கா. இன்னும் ஒரு தட்டு இருக்கு, மத்தியானம் ஸ்கேன் பண்றேன்.

வேலு சித்தப்பா: கம்பம் வர்ற படத்துல அடியை வெட்டிடாதேம்மா. பேலன்ஸ் வெயிட்டும் கம்பி உருளையும் அங்கதான் இருக்கும்.