உபகாரச் சம்பள பாரம் என் பெயரையே ஏற்கவில்லை, வெள்ளிக்கிழமை கடைசி நாள், யாராவது உதவுங்கள்

செம்பனைக்காடு:
வணக்கம். மலேசியாவில் பகாவ் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் இருக்கிறோம். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்துவிட்டு, பகாங் மாநிலத்துக் கம்பாங்கில் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. இந்தத் துறைக்கென்றே ஓர் அறவாரியம் உபகாரச் சம்பளம் தருகிறது. மூன்று நாளாக அந்த பாரத்தோடு மல்லுக்கட்டுகிறேன்.

முதலில், ஐசியில் (அடையாள அட்டையில்) இருக்கிறபடி பெயரை ஏ/பி (இன்னாரின் மகள்) போட்டு அடித்தால் அந்தச் சாய்கோட்டைப் பார்த்ததும் சிவப்பாகி நின்றுவிடுகிறது. அடுத்தது வருமானம். மாத வருமானம் என்று ஒரே ஒரு கட்டம். அப்பா காய் வெட்டுகிறவர், இல்லை, வெட்டினவர். போன ஆகஸ்டில் முள் குத்தி ஒரு கண் போய்விட்டது, இப்போது உதிரிக்காய் பொறுக்குகிறார், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பணம் மாதாமாதம் வருகிறது. போன வருட இ.ஏ. பாரத்தில் (முதலாளி தரும் வருடச் சம்பளக் கணக்கு) பழைய சம்பளம், கையில் வருவதோ அதில் பாதிகூட இல்லை. எதைப் போடுவது? கடைசியாக 500 சொல்லில் ‘ஏன் இந்தத் துறை’ என்று கட்டுரை. ‘பாதுகாப்பு மனித வாழ்வில் மிக முக்கியமானது’ என்று ஆரம்பித்தேன், எனக்கே கொட்டாவி வருகிறது.

லயத்துப் பையன்:
சாய்கோடு பிரச்சினை நம் ஆட்கள் எல்லாருக்கும் உண்டு லா. நான் விமான டிக்கெட் எடுத்தபோதும் இதே கூத்துதான். கோட்டை எடுத்துவிட்டு ஏபி என்று சேர்த்துப் போடு. வருமானத்தைக் குறைத்துப் போடு, யார் வந்து பார்க்கப் போகிறார்கள்.

பழைய கிராணி:
தம்பி, பெயருக்குச் சொன்னது சரி, வருமானத்துக்குச் சொன்னது வேண்டவே வேண்டாம். சரிபார்க்கும்போது இ.பி.எஃப். (சேமநிதி) அறிக்கை கேட்டால் மாதாமாதம் சந்தா கட்டியது வரிசையாக நிற்கும், அதிலிருந்து சம்பளத்தைக் கணக்குப் போட எவ்வளவு நேரமாகும்?

பாப்பா, நான் 30 வருஷம் தோட்டத்து ஆபீசில் செக்ரோல் (சம்பளப் பதிவேடு) எழுதினவன். காய் வெட்டுகிறவர் சம்பளம் மழைக்கு ஒன்று, காய் இறங்கும் மாதத்துக்கு ஒன்று. அதனால் ஒரு மாதச் சம்பள ரசீதை மட்டும் இணைத்தால் எந்தப் பக்கமும் தப்பாகப் போகும். விபத்துக்குப் பிறகு வந்த எல்லா மாத ரசீதையும் கூட்டி, மாதக் கணக்கால் வகுத்து அதைக் கட்டத்தில் போடு. சொக்சோ பணத்தை ‘இதர வருமானம்’ என்ற இடத்தில் மறைக்காமல் காட்டு, அவர்கள் அனுப்பிய கடிதத்தையும் இணை. அப்புறம் ஆபீசுக்குப் போய், இன்ன தேதியிலிருந்து வேலை மாற்றம் என்று மானேஜர் கையெழுத்தோடு ஒரு கடிதம் கேட்டு வாங்கு. இ.ஏ. பாரத்துக்கும் ரசீதுக்கும் இருக்கிற இடைவெளியை அந்த ஒரு தாள் விளக்கிவிடும்.

இன்னொன்று. வேலை விபத்தில் நிரந்தர ஊனத்துக்கு மாதப் பணம் வாங்குகிறவர்களின் பிள்ளைகளுக்கு சொக்சோவில் கல்விக் கடன் வசதி உண்டு. நிறைய பேர் கேட்பதே இல்லை. அப்பாவை அழைத்துக்கொண்டு போய் விசாரி.

பச்சைப்புத்தகம்:
நான் பாதுகாப்பு அதிகாரியாக வேலை செய்கிறேன். கட்டுரை பற்றி மட்டும் சொல்கிறேன். முதல் வரியை அழித்துவிடு. அப்பாவுக்குக் கண்ணாடி கொடுத்திருந்தார்களா? போட்டிருந்தாரா?

செம்பனைக்காடு:
கொடுத்தார்கள் அண்ணே. தொப்பிக்கு மேலே ஏற்றி வைத்திருந்தார். வியர்வையில் பத்து நிமிஷத்தில் மங்கிவிடும், அண்ணாந்து பார்த்தால் குலையே தெரியாது என்பார். விசாரணை பாரத்தில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதினார்கள்.

பச்சைப்புத்தகம்:
இதுதான் உன் கட்டுரை. எங்கள் துறையில் ஆபத்தைத் தடுக்க ஒரு வரிசை வைத்திருக்கிறோம்: முடிந்தால் ஆபத்தையே அகற்று, இல்லாவிட்டால் ஆபத்து குறைந்ததாக மாற்று, அதுவும் இல்லையென்றால் கருவியை மாற்று, வேலை முறையை மாற்று. கண்ணாடி, கையுறை எல்லாம் கடைசிப்படி. நம் தோட்டங்களிலேயே உதாரணம் இருக்கிறது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020 ஜனவரி 1 முதல் தடை செய்தார்கள். ‘முகமூடி போட்டு மருந்தடி’ என்று சொல்லிக்கொண்டிருப்பதும், அந்த மருந்தே தோட்டத்துக்குள் வராமல் செய்வதும் ஒன்றா? அலுமினியக் கம்பில் அரிவாளைக் கட்டிக்கொண்டு மின்கம்பிக்குப் பக்கத்தில் வெட்டுகிறார்களே, அங்கே ரப்பர் பூட்ஸ் பற்றிப் பேசி என்ன பயன்?

அப்பா ஏன் கண்ணாடியை மேலே ஏற்றினார் என்று எழுது. கவனக்குறைவு என்று எழுதிய இடத்தில் நீ இருந்தால் என்ன கேட்டிருப்பாய் என்று எழுது. அந்தத் தோட்டத்தின் பெயரைப் போடாதே, அழுது வடியவும் வேண்டாம்.

வேலை கிடைக்குமா என்று வீட்டில் கேட்டால் இதைச் சொல்லு: 1994 வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 5 பேருக்கு மேல் வைத்திருக்கும் முதலாளிகூட, சரியாகச் சொன்னால் 5 பேரிலிருந்தே, பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும், தனியாகப் பாதுகாப்பு அதிகாரி வைக்கக் கடமைப்பட்ட இடங்கள் தவிர. ஆள் தேவை கூடிக்கொண்டுதான் போகும்.

கோலப்பிலா அக்கா:
எல்லாரும் பெரிய விஷயம் பேசுகிறீர்கள். ரசீதைப் போனில் படம் எடுத்தால் கோப்பு பெரிதாகி ஏறாது, ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக்கு. உண்மை நகல் முத்திரை வேண்டுமென்றால் படித்த தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரைக் கேட்டுப் பார். பி.டி.பி.டி.என். (அரசு உயர்கல்வி நிதி) கடனுக்கும் போட்டு வை, இரண்டையும் சேர்த்து வாங்கலாமா, படித்தபின் எத்தனை வருஷம் அவர்களிடம் வேலை செய்யச் சொல்கிறார்கள் என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடு.

செம்பனைக்காடு:
அனுப்பிவிட்டேன்! ஏபி என்று சேர்த்துப் போட்டதும் பெயர் ஏறிவிட்டது. ஐசியில் சாய்கோடு இருக்கிறது என்று படம் எடுத்து அவர்களுக்கு மின்னஞ்சலும் போட்டேன். கடிதம் வாங்க ஆபீசில் இரண்டு மணி நேரம் நின்றேன், கிடைத்தது. சொக்சோவுக்குத் திங்கள்கிழமை போகிறோம்.

கட்டுரையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடி பற்றிய இடம் வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. முடித்ததும், “அது 18ஆம் பிளாக் இல்லம்மா, 11” என்றார். திருத்திவிட்டுத்தான் அனுப்பினேன்.